மருந்துக்குக் கஞ்சா வளர்த்த நிஸ்தார் நானா

செய்தி வந்தபோது நான் செடிகளுக்கு நடுவில் நின்றிருந்தேன். எங்கள் வேலைத்தலத்தில் தொலைபேசியை வாசலில் காவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் என் தொலைபேசி அங்கேயே கிடந்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் காவலரே வந்து கண்ணாடியைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "மிஸ், நிஸ்தார் நானா மௌத்தாம். விடியச் சுபஹுத் தொழுதிட்டு வந்து கதிரையில இருந்தபடியே போயிட்டாராம்" என்றார். இன்னாலில்லாஹி சொன்னேன். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், அவருடைய வரிசைக்குப் போய் அன்றைய தண்ணீரை ஊற்றி முடித்தேன்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவரை "கஞ்சா நானா" என்று கூப்பிட்டுச் சிரித்தவர்களும் வாசிக்கட்டும். அவர் அந்தப் பெயருக்குக் கோபித்தவர் இல்லை. கோபமெல்லாம் எனக்குத்தான்.

தெரியாதவர்களுக்கு ஒரு சொல். மாம்புரிப் பக்கம் நாங்கள் செய்வது, ஏற்றுமதிக்கான மருந்துக் கஞ்சா. அரசாங்க அனுமதி, சுற்றிவர வேலி, கமரா எல்லாம் உண்டு. அறைக்குள் மின்விளக்கின் கீழ் வளர்க்கிறோம். நான் பயிர்ப் பொறுப்பாளர். நிஸ்தார் நானா, எங்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன், எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னாரிலிருந்து இளந்தாரியாக வந்து, தில்லையடியில் குடியேறி, குத்தகைக் காணிகளில் மிளகாயும் வெங்காயமும் போட்டவர். நேர்முகத் தேர்வில் முதலாளி, "வேலை என்னவென்று வெளியே சொல்வது சங்கடமாக இருக்குமே?" என்று கேட்டார். "அனுமதி இரிக்குத்தானே? பிறகென்ன களவாக் கதைக்கிற?" என்றார் நானா. அன்றே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

அவர் முதலில் செய்தது பெரிய பிழை. மாம்புரிப் பக்கத்துக் கடலோர மணல் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும். காலையும் மாலையும் குழாயைப் பிடித்து மண் மினுங்கும்வரை நனைத்த கை அவருடையது. எங்கள் செடிச் சாடிகளில் இருந்ததோ தேங்காய்த் தும்புத்தூளும் பசளை உரமும் கலந்த கலவை. அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைத்து ஒரு கிழமையான செடிகளுக்கு நானா மிளகாய்த் தோட்டத்துக் கணக்கில் ஊற்றினார். நான் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போயிருந்த வேளை அது. திரும்பி வந்தபோது ஒரு வரிசை முழுவதும் தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தது.

முதலாளி வந்து யார் செய்தது என்று கேட்டார். கலவை சரியில்லை, விதை சரியில்லை என்று ஆளாளுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். நானா முன்னுக்கு வந்தார். "கலவையுமில்ல விதையுமில்ல. நான்தான் ஊத்திச் சாகடிச்சிட்டன். தண்ணி கேக்குதெண்டு நெனச்சன். அது கேக்கல்ல" என்றார். முதலாளிக்குத் திட்டவும் வரவில்லை. அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்தினால் நானும் போகிறேன் என்று நான் பிறகு தனியாகச் சொன்னதை நானாவிடம் யாரும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் பரவாயில்லை.

அதன் பிறகு அவர் கற்றுக்கொண்ட விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். சின்னச் செடிக்குத் தண்டைச் சுற்றிச் சின்ன வட்டமாகத்தான் தண்ணீர், செடி பெருக்கப் பெருக்க வட்டமும் பெருக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்த முறை ஊற்றுவதற்கு முன் சாடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும், பாரம் குறைந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும் என்றும் சொன்னேன். வரிசை வரிசையாகத் தூக்கிப் பார்த்தார். இடுப்பு வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே தூக்கினார். "பூவாளிய கையில வச்சுக்கொண்டு ஊத்தாம நிக்கிறதுதான் தங்கச்சி கஷ்டம்" என்பார். அடுத்த போகத்தில் அவர் வரிசையில் ஒரு செடியும் சாகவில்லை. அன்று எல்லோருக்கும் தன் செலவில் பாணும் சம்பலும் வாங்கிக்கொடுத்தார்.

சாடிச் சண்டையையும் சொல்லவேண்டும். முதலாளி ஒரு வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, சின்னச் சாடியில் முளைக்கவைத்துப் பிறகு பெரிய சாடிக்கு மாற்றினால் இடம் மிச்சம் என்றார். நாங்கள் வளர்ப்பது தானாகப் பூக்கும் இனம். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் அதற்குக் கணக்கில்லை. வயது வந்ததும் பூத்துவிடும். மூன்று மாதத்துக்குள் அதன் வாழ்வு முடிந்துவிடும். இடம் மாற்றி வேர் நொந்தால், தேறுவதற்குள் பூக்கும் காலம் வந்து, சாண் உயரத்தில் நாலு பூவோடு நின்றுவிடும். முதல் நாளே பன்னிரண்டு லீற்றர்த் துணிச் சாடியில் போட்டுவிட வேண்டும் என்று நான் படம் கீறி விளக்கினேன். முதலாளி தலையாட்டினாரே தவிர மனம் மாறவில்லை.

நானா குறுக்கே வந்தார். "சேர், நாங்க மன்னாரிலிருந்து வந்து இங்க வேர் பிடிக்க முப்பது வருஷம் போச்சு. எங்களுக்கு ஆயுசு இருந்திச்சு, பிடிச்சிட்டம். இதுக்கு எங்க ஆயுசு?" முதலாளி அன்று மாலை பெரிய சாடிகளுக்கே சொல்லியனுப்பினார். நான் கீறிய படம் மேசையில் கிடந்தது. எனக்குப் பொறாமை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியே அவர் வேலையை மறைத்ததே இல்லை. தேநீர்க் கடையில், பேருந்தில், கல்யாண வீட்டில் யார் கேட்டாலும் "கஞ்சா வளக்கிறன், மருந்துக்கு, அனுமதியோட" என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஒருவர், மார்க்கம் விலக்கிய ஹராம் தொழில் என்று முணுமுணுத்தாராம். நானா நேரே மௌலவியிடம் போய் நின்றார். மருந்துக்கு மட்டும், அனுமதிக்குள் மட்டும் என்பதைக் கடைசிவரை காப்பாற்றச் சொன்னார் மௌலவி. அதை நானா எடுத்துக்கொண்ட விதம் எங்கள் காவலருக்குத் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் கேட்காமலே சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டி, தொப்பியையும் உதறிக் காட்டிவிட்டுத்தான் எங்களை ஏற்றிப்போகும் வான் வண்டியில் ஏறுவார். ஒரு சொந்தக்காரப் பொடியன் ஒரே ஒரு விதை கேட்டு வந்தபோது, "ஒண்டு வெளிய போனா நான் ஊருக்குச் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிடும்" என்று சொல்லி அனுப்பினார்.

ஆனால் ஒரு குறை அவரை விடவில்லை. அவர் மனைவி ஹலீமா ராத்தா கஞ்சா என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார். மகளுக்குச் சம்பந்தம் பேசும் காலம் அது. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம். அதனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் கணவருக்குத் தக்காளிக் கூடாரத்தில் வேலை என்றே ராத்தா சொல்லிவந்தார். நானா வற்புறுத்தியதில்லை. மகளின் கல்யாணம் நல்லபடி முடிந்த பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. ஒருமுறை வேலை முடிந்து வான் வண்டியில் வரும்போது நானா என்னிடம் சொன்னார்: "ஊர் முழுக்கச் சொல்லிட்டன் தங்கச்சி. என்ட வீட்டுக்குள்ள மட்டும் நான் தக்காளிக்காரன். அவ வாயால ஒருக்கா சொன்னாப் போதும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் நான் தில்லையடிக்குப் போனேன். ஹலீமா ராத்தா, கணவனை இழந்தவர் தனித்திருக்கும் இத்தாவில், வெள்ளை உடுத்து உள்ளறையில் இருந்தார். சுற்றிவரப் பெண்கள். மன்னாரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான மாமி, பல வருஷமாக இவர்களைக் காணாதவர், ஆறுதல் சொல்லும் நடுவில் கேட்டார்: "கடைசியா என்ன தொழில் புள்ள செஞ்ச அவரு?"

நான் தரையைப் பார்த்தேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும், அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கஞ்சா வளத்தவர், மாமி. மருந்துக்கு" என்றார்.

அறையில் ஓதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ராத்தா நிறுத்தவில்லை. "அரசாங்க அனுமதியோட. ஒரு எல கூட வீட்டுக்குக் கொண்டு வரல்ல எங்கட மனுசன். நோயாளிகளுக்குப் போற சாமான் எண்டு கையக் கழுவிட்டுத்தான் தொடுவார். இந்தா, அவரோட வேல செஞ்ச புள்ள. கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஓம் மாமி" என்றேன்.

நிஸ்தார் நானாவிடமிருந்து நான் வைத்துக்கொள்ள எத்தனையோ இருக்கின்றன. பிழையை முன்னுக்கு வந்து ஏற்கும் துணிவு, செய்யும் தொழிலை அதன் பெயராலேயே சொல்லும் நிமிர்வு. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, ராத்தாவின் அந்த ஒரு வாக்கியத்தை வைத்திருக்கிறேன். நானா ஆசைப்பட்டுக் காத்திருந்தது, அவர் காதில் விழாமல் என் காதில் விழுந்தது.