வடிவான பிள்ளை என்று சொல்லிவிட்டேன்

செவ்வாய்க்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு, வெளிநாட்டுக்கு வந்து நாங்கள் குடியிருக்கும் மல்வேர்னில் ஒரு பள்ளிக்கூடத்தின் கீழ் அறை வாசலில் நின்று, என் பெயரை நானே எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற பிறகு, என்னை ஏதாவது எழுதச் சொல்லி இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை. உள்ளே கதிரைகள் வட்டமாகக் கிடக்கும். பதினாறு, பதினேழு வயதுத் தாய்மார் ஒன்பது பேர், அவர்களுடைய குழந்தைகள், அவர்களுக்குத் துணையாக வந்த அம்மாமார், பெரியம்மாமார். மீசை வைத்த ஆள் நான் ஒருவன்தான். முதல் இரண்டு கிழமையும் கூச்சத்தில் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பளத்தில் எங்கெங்கே பால் கொட்டியிருக்கிறது என்று இன்றைக்கும் கேட்டால் சொல்வேன்.

அக்காவின் மகள் சுபாவுக்குப் பதினேழு வயது. அவளுடைய மகளுக்கு நாலு மாதம். பெடியன் யார், எங்கே போனான் என்று எழுதத் தொடங்கினால் நான் இவ்வளவு மரியாதையாக எழுதமாட்டேன், விட்டுவிடுவோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் தாய்மார் மேலே படிக்க, கீழே குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். இடம் கிடைப்பது லேசில்லை. ஒரே நிபந்தனை, வீட்டிலிருந்து பெரிய ஆள் ஒருவர் கிழமைக்கு ஒரு நாள் வந்து பிள்ளை வளர்ப்பு வகுப்பில் இருக்க வேண்டும். சுபா பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பாளா, இல்லையா என்பது அந்த ஒரு கதிரையில் தங்கியிருந்தது. அக்கா வரமாட்டேன் என்றுவிட்டார். ஒரே வீட்டில் இருந்தும் அவர் அந்தக் குழந்தையை ஒரு நாளும் தூக்கியதில்லை. குழந்தை அழுதால், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் போலக் கேட்டுக்கொண்டு கறிக்கு வெங்காயம் வெட்டுவார்.

பேக்கரி வேலையில் எனக்குச் செவ்வாய் ஓய்வு நாள். தாய்மாமனும் நான்தான். ஆகவே நான் போனேன். எங்கள் மாடிக் கட்டடத்துச் சனங்கள் கேட்டால் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவதாகச் சொன்னேன். முழுப் பொய்யும் இல்லை. டயப்பர், பொட்டில், ராஷ் என்று நிறையச் சொற்கள் படித்தேன். வேறு எங்கும் அவற்றைப் பாவிக்க முடியவில்லை என்பதுதான் குறை.

மூன்றாம் கிழமை, வகுப்பை நடத்தும் ஷெரில் ஒரு பஞ்சுப் பந்தோடு வந்தார். பந்து யாருடைய கைக்கு வருகிறதோ, அவர் தன் வீட்டுக் குழந்தையில் தனக்குப் பிடித்த அழகை எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். ஒரு தாய் கண்களைச் சொன்னார். இன்னொருவர் கன்னக்குழியைச் சொன்னார். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல மற்ற எல்லோரும் அந்தக் குழந்தையையே விழுங்குவதுபோல் பார்த்து, 'ஆ' என்று உருகினார்கள். எனக்கு வியர்த்தது.

நான் படிப்பை விட்டதே ஒரு குழந்தையால்தான். அம்மா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போக, கடைசித் தம்பி என் இடுப்பில் ஏறினான். பள்ளிக்கூடம் போகிற பெடியள் என்னை "ஆயா, ஆயா" என்று பகிடி பண்ணுவார்கள். சந்தைக்குப் போகிற பெண்கள் நின்று, "உந்தக் குரங்குக்குட்டி என்ன செய்யுது?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் கொஞ்சுவது அப்படித்தான். ஒரு நாள் கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு உத்தியோகத்தர் மனைவி மட்டும், "என்ன வடிவான பிள்ளை!" என்றுவிட்டுப் போனார். அன்று பின்னேரமே தம்பிக்கு வயிற்றாலடி. அடி விழுந்தது எனக்கு, அம்மாவின் கையால். "அவ சொல்லேக்குள்ள நீ வாயைப் பாத்துக்கொண்டோ நிண்டனி? உடன, இல்லை, இது சரியான அவலட்சணம் எண்டு சொல்லியிருக்க வேண்டாமோ? நாவூறு படாதே பிள்ளைக்கு?" கண் பட்டால்கூடத் தப்பலாம், நாக்குப் பட்டால் தப்பேலாது என்பது அம்மாவின் கட்சி. அந்த அடி முதுகில் இன்றும் இருக்கிறது.

பந்து என் மடியில் விழுந்தது. இருபது பேரின் கண்களும் சுபாவின் குழந்தையில் வந்து குத்தி நின்றன. நான் என் கடமையைச் செய்தேன்.

"திஸ் பேபி, வெரி அக்லி," என்றேன் உரத்து. "நோஸ், பொட்டேட்டோ. ஹெட், கோகனட். லைக் மங்கி."

பக்கத்தில் இருந்த தாய் தன் குழந்தையை மற்றப் பக்கம் மாற்றிப் பிடித்தார்.

"மாமா! என்ன சொல்லிப்போட்டீங்கள்?" என்றாள் சுபா.

"காப்பாத்தினனான் பிள்ளை. எல்லாரும் பாத்துக்கொண்டெல்லோ இருந்தவை."

ஷெரில் குனிந்து, குழந்தையை விரும்பவில்லையா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"நோ, நோ. லைக். வெரி லைக். தட்ஸ் வை அக்லி."

அவர் எழுதத் தொடங்கினார். சுபா நாவூற்றை இங்கிலீஷில் விளக்கினாள். ஷெரில் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அந்த அறைக்குள் யாரோ குழந்தைக்குத் தீங்கு செய்யப்போவதாக மாமா நம்புகிறார் என்று அதையும் எழுதினார். அடுத்த செவ்வாய் மேலதிகாரி ஒருவர் வந்து எங்கள் குடும்பத்தைப் பார்ப்பார் என்றும், குழந்தைக்கு வீட்டில் அன்பு இருக்கிறதென்று தெரியாவிட்டால் சுபாவின் இடம், காத்திருக்கும் வேறொரு தாய்க்குப் போகும் என்றும் சொன்னார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. தேங்காய்த் தலை என்று சொன்ன மாமனை வேறு என்ன செய்வது?

பஸ்ஸில் சுபா அழுதாள். "ஒரே ஒரு வசனம், மாமா. ஜஸ்ட் வண். நல்லதாச் சொல்லுங்கோ. ப்ளீஸ்."

அந்தக் கிழமை முழுக்க அந்த ஒரு வசனத்தைப் பாண் பொதி செய்யும் காகிதத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கினேன். எங்கள் ஊர் நாவூற்றுக்கு இங்கிலீஷ் விளங்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மேலதிகாரி நீலக் கோட்டுப் போட்ட பெண். பந்து வந்தது. "மை பேபி இஸ் பியூட்டிபுல்," என்றேன். அவ்வளவுதான் பாடம். ஆனால் வாய் நிற்கவில்லை. நெற்றி பியூட்டிபுல். விரல் பியூட்டிபுல். நித்திரையில் சிரிப்பது பியூட்டிபுல். இங்கிலீஷ் முடிந்துபோக, தமிழில் தொடர்ந்தேன். வேலையால் வந்து கதவைத் திறந்தால் என் சப்பாத்துச் சத்தத்துக்குக் கால் இரண்டையும் அடிப்பாள், எனக்கென்று அப்படி யாரும் காலடித்ததில்லை என்று சொன்னேன். சுபா மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் நின்று, மூக்கை உறிஞ்சினாள். எல்லோரும் கைதட்டினார்கள். இடம் உங்களுக்குத்தான் என்றார் நீலக் கோட்டு. ஷெரில் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் விறகுக்கட்டை மாதிரி நின்றேன்.

அன்று பின்னேரம் குழந்தை பால் குடிக்கவில்லை. ஒரே சிணுங்கல். எனக்கு முதுகு உளையத் தொடங்கியது. சுபாதான் வாயை விட்டாள்: "அம்மா, மாமா இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால பேபி வடிவு எண்டு பெரிய ஸ்பீச்சே குடுத்தவர்."

வெங்காயம் வெட்டிய கத்தி நின்றது. "எத்தினை பேர் இருந்தவை?" என்று அக்கா கேட்டார்.

"இருவது பேர் மட்டில்," என்றேன்.

"இருவது பேருக்கு முன்னாலையோ? என்னெண்டு சொன்னனி?"

"நெத்தி... விரல்... சிரிப்பு..."

"ஒண்டொண்டாவோ சொன்னனி? மூளை கழண்டவனே! பச்சைக் குழந்தையை இப்பிடி ஊருக்கு ஏலம் போட்டிட்டு வந்து நிக்கிறியே! தா இஞ்ச பிள்ளையை!"

என் கையிலிருந்து குழந்தையைப் பறித்தார். நாலு மாதத்தில் முதல் தடவை. இடது தோளில் அவளைச் சாத்திக்கொண்டு, வலது கையில் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, மூன்று தரம் சுற்றி, என்னைத் திட்டித் திட்டியே மின்சார அடுப்புச் சுருளில் போட்டார். புகை எழும்பியது. புகை அலாரம் அலறியது. சுபா துவாயால் அதை விசிறினாள். குழந்தை மட்டும் அழுகையை விட்டுவிட்டு, அக்காவின் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள். கட்டடப் பொறுப்பாளர், கையில் தீயணைக்கும் சிலிண்டரோடு. "குக்கிங், குக்கிங்," என்றேன். அவர் இருமி, கண்ணைக் கசக்கி, என் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தார். முகம் மலர்ந்தது. "வட் எ பியூட்டிபுல் பேபி!"

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முகம் வாசிக்கத் தெரியும். குழந்தையின் தலையைச் சேலைத் தலைப்பால் மூடினார். "என்னவாம் உவர்?"

"தாங்க் யூ," என்றேன் வெளியே திரும்பி. உள்ளே திரும்பி, "மூஞ்சூறு மாதிரிக் கிடக்குதாம்," என்றேன்.

"நல்ல மனிசன்," என்றார் அக்கா, தலைப்பை விலக்கி.

ஒரு கால் வீட்டுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக, இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தபடி, அந்தப் புகைக்குள் நான் நின்றேன்.