பெக்கோக்காரி

நாங்கள் பெக்கோக் என்ற சிற்றூரிலிருந்து தம்போய் நகரத்துக்குக் குடிவந்தபோது நான் நான்காம் வகுப்பு. அப்பாவுக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் பைக்கில் கிளம்பினால் நான் தூங்கிய பிறகுதான் வருவார்.

புதுப் பள்ளியில் ஒருநாள் பெயர்ச்சொல்லிலிருந்து வேறு சொல் உண்டாக்கும் பாடம். கடையோடு 'காரர்' சேர்ந்தால் கடைக்காரர், வீட்டோடு சேர்ந்தால் வீட்டுக்காரர். ஊர்ப் பெயரோடும் சேரும் என்ற டீச்சர், "நீ எந்த ஊரும்மா?" என்று என்னைக் கேட்டார். எழுந்து நின்று, "பெக்கோக்காரி" என்றேன், சத்தமாக.

விடை சரிதான். ஆனால் பின்வரிசைப் பையன்களுக்கு அது கோழி கத்துவதுபோல் கேட்டிருக்கிறது. கைகளை இறக்கையாக மடக்கி, "பெக்... பெக்... பெக்கோக்காரி" என்று கொக்கரித்தார்கள். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு வகுப்பில் யாரும் என் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. வீட்டில் நான் மூச்சு விடவில்லை. ஊர்ப் பேச்சு எடுத்தாலே காது சூடாகிவிடும்.

ஒரு மதியம் பள்ளி வேன் பழுதாகி, அம்மா நடந்தே என்னைக் கூட்டிப்போக வந்தாள். கேட்டைத் தாண்டியிருப்போம், பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஓய், பெக்கோக்காரி!"

நான் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். அம்மா நின்றுவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, அந்தப் பையனிடமே போனாள்.

"யாரு தம்பி? நீங்களும் பெக்கோக்கா? ஸ்டேசன் பக்கமா, தோட்டத்துப் பக்கமா?"

அவன் திருதிருவென்று விழித்தான். "இல்ல ஆண்ட்டி... சும்மா லா" என்று நழுவினான். அவன் கூட்டாளிகள் சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அம்மாவோ வாசலில் நின்ற மற்ற அம்மாக்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாம்மா, போலாம்!" கையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு உடம்பே கூசியது.

வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கூப்பிட்டது அவளை இல்லை, என்னைத்தான், அது கேலிப் பெயர் என்று சொன்னேன். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"அப்போ அங்க நம்ம ஊரு ஆளுங்க யாரும் இல்லையா?"

இவ்வளவு சொல்லியும் புரியவில்லையே என்று அவளை நினைத்தும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். தம்போய்க்கு வந்ததிலிருந்து பகலெல்லாம் அவளோடு பேச ஒருவரும் இருந்ததில்லை என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.