பூக்குழிக்கு முந்தைய பிற்பகல்

என் அத்தை மகன் தங்கராசின் கையிலிருந்த காப்பை அறுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுதுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

போன வாரம் யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் ஒரு பெண் பசுமஞ்சளை நறுக்கிக்கொண்டிருந்தாள். கிழப் பல்லுக்கு மெத்தென்று ஏதாவது வாங்கப் போனவன், அந்த வாசனையில் கூடையோடு நின்றுவிட்டேன். தீமிதிக்கு விரதம் இருப்பவர் கையில் மஞ்சள் துண்டை நூலில் கோத்துப் பூசாரி காப்பாகக் கட்டுவாரே, அதே வாசனை. பூக்குழி இறங்கும்வரை அது கையை விட்டுப் போகக்கூடாது. போனால் இறங்க விடமாட்டார்கள். பர்மாவில் பிறந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

மோல்மினில் இரண்டு வருஷம் படித்துவிட்டு மூன்றாம் வருஷத்துக்கு யாங்கோன் கல்லூரிக்கு மாறி வந்தேன். தங்கியது அலோனில், அத்தை வீட்டில். துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா ஈரல் வீங்கிப் படுத்திருந்தார். அவருக்காகத்தான் தங்கராசு பூக்குழி இறங்குவதாக நேர்ந்துகொண்டான். கல்லூரியில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. இடையில் வந்தவனுக்கு யாரும் நகர்ந்து இடம் தருவதில்லை. வாயைத் திறந்தால் என் மோல்மின் பர்மிய இழுவைக்குச் சிரிப்பார்கள்.

விடுதி எதிரே தேநீர்க் கடையில் சுவரோரமாக ஒரு கூட்டம் உட்காரும். அவர்கள் சேர்த்துக்கொண்டால் கிதார், பந்தாட்டம், பழைய கேள்வித்தாள் எல்லாம் உண்டு. முக்கியமாக, நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சேருகிறவன் இன்னொருவன் உடம்பிலிருந்து அவனறியாமல் ஒரு பொருளைக் கழற்றி வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். சுவரில் ஓர் ஆணி நிறையச் சீப்பும் பேனாவும், ஒரு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடியும் தொங்கின. தலைவன் கோ தெய்ன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“மோல்மின்காரனுக்கு வாய் நீளும். கை நீளுமா?”

மறுநாள் வரை கெடு. அந்த மறுநாள்தான் தீமிதிக்கு முந்தைய நாள்.

பிற்பகலில் தங்கராசு பாயில் கண்மூடிக் கிடந்தான். சட்டைப்பையில் சீப்பு துருத்திக்கொண்டிருந்தது. அதையே எடுத்திருக்கலாம். ஆணியில் ஏற்கெனவே சீப்புகள் இருந்தன. எனக்குப் பெரிதாக எதையாவது கொண்டுபோக ஆசை. அத்தையின் தையல் கத்தரியை எடுத்தேன். நூல் ஈரமாக இருந்ததால் முதலில் அறுபடவில்லை. இன்னும் அழுத்தினேன்.

கடையில் கைதட்டினார்கள். கோ தெய்ன் முகர்ந்து பார்த்து, கறிக்குப் போடலாமா என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றே எனக்கு இடம் கிடைத்தது.

பூசாரி தங்கராசை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் இறங்க, அவன் கயிற்றுக்கு வெளியே ஈர வேட்டியோடு நின்றான். மழைக்காலம் தொடங்குமுன் மாமா போய்விட்டார். நெருப்பு ஈரலைக் குணமாக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அத்தை நம்பினாள்.

“அறுத்தவன் கை சோத்துக்குப் போகாமக் கெடக்கணும், தம்பி.”

சொல்லிக்கொண்டே என் தட்டில் குழம்பு ஊற்றுவாள். அந்தக் கையால்தான் பிசைந்து சாப்பிட்டேன். பக்கத்தில் தங்கராசு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான்.

அத்தை காலமான பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நகரைச் சுற்றும் வட்ட ரயில் ஏறி இன்சீனுக்குப் போனேன். மகன் வீட்டில் இருந்தான் தங்கராசு. பேரப்பிள்ளைகள் பர்மிய மொழியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லி, காலில் விழக் குனிந்தேன். தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“நான் தூங்கலே, மச்சான்.”

நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

“நெருப்பை நெனச்சு நெனச்சு ஒடம்பு நடுங்கிக் கெடந்தேன். கையை இழுத்திருக்கலாம். நீ அறுக்கவும், அப்பாடான்னு இருந்துச்சு.”

அத்தையிடம் நீயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று பிறகுதான் உறைத்தது.

“நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றான்.

அதற்குப் பிறகு நாங்கள் அடிக்கடி பார்த்துக்கொள்கிறோம். அதைப் பற்றிப் பேசுவதில்லை. அலோன் வீடு இருந்த இடத்தில் இப்போது கிடங்கு. கோ தெய்ன் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நாங்கள் இருவரும் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் ஒருத்திதான். அவள் கடைசிவரை எங்கள் இருவருக்கும் சோறு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.