ஈர மடியும் மூன்றாவது கம்பியும்

பம்பாயில் திலக் நகர் வீட்டுக்குக் குடிவந்த கோடையில், என் கணவர் சமையல் மேடைக் கல்லை வெட்டி அதற்குள் ஒரு மின்சார அடுப்பைப் பதிக்கச் செய்தார். கரியும் புகையும் ஒழிந்ததென்று எனக்கும் சந்தோஷம். அடுப்பு சமர்த்தாகவே இருந்தது. மழை பிடித்த பிறகுதான், வெள்ளிக்கிழமை காலையில் அதன் மேலிருந்த வெண்கலப் பானையைத் தொட்டால் கை சுர்ரென்றது.

மற்ற நாட்களில் இல்லை. அம்பாளுக்கு நைவேத்தியம் செய்யும் அன்றைக்கு மட்டும். என் பூஜையில் ஏதோ குறை என்று முதலில் பயந்தேன். கணவர் மாலையில் வந்து அதே பானையைத் தொட்டுக் காட்டினார். ஒன்றுமில்லை. உன் பிரமை என்றார்.

எனக்கோ பயத்தைவிட, ஏன் வெள்ளிக்கிழமை என்கிற கேள்வி பெரிதாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் நான் வேறாக என்ன செய்கிறேன்? மடி உடுத்துகிறேன். யார் கையும் படாமல் துவைத்துக் கொடியில் போட்ட புடவை, பம்பாய் மழையில் காயவே காயாது. ஈரத்தோடு உடுத்திக்கொள்வேன். அது சொட்டிச் சொட்டித் தரையும் நனைந்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மணைப்பலகை மேல் ஏறி நின்று பானையைத் தொட்டேன். சும்மா இருந்தது. இறங்கி ஈரத் தரையில் நின்று தொட்டேன். முழங்கைவரை இழுத்தது.

"ஏன்னா, பிரமைன்னா மணைமேல நின்னா மட்டும் எப்படிப் போகும்?" என்று கேட்டேன். அவர் தாராவிக்குப் போய் ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்துவந்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் அவர். மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றினார். விளக்குக்கான இரண்டு கம்பி லைனில் அடுப்பைச் சேர்த்திருந்தார்கள். அடுப்பின் மூன்றாவது கம்பி எதிலும் சேராமல் சுருண்டு கிடந்தது.

நான் தொட்டுப் பார்த்த கதையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "நல்லா சோதிச்சுப் பாத்திய மாமி. இன்னொரு தரம் பாத்திருந்தா, எங்கிட்டச் சொல்ல நீங்க இருந்திருக்க மாட்டிய."

அடுப்பின் இரும்பில் கசியும் கரண்ட் மண்ணுக்குப் போகப் பார்க்கும். கம்பி இல்லாவிட்டால் ஈரத்தில் நிற்கிற ஆள் வழியாகப் போகும் என்றார். அது ஏன் மண்ணுக்கே போகணும் என்று கேட்டேன்.

"அது எனக்கும் தெரியாது மாமி. போவும்."

மீட்டரிலிருந்து தனியாகக் கனத்த லைன் இழுத்து, அடுப்புக்கு எட்டத்தில் சுவிட்ச் வைத்தார். மூன்றாவது கம்பியைக் கீழே கொண்டுபோய், காம்பவுண்டில் குழி தோண்டி, ஒரு இரும்புத் தகட்டோடு கரியும் உப்பும் போட்டுப் புதைத்தார். உப்பு எதற்கு என்று மாடியிலிருந்தே கேட்டேன். ஈரம் பிடித்து வைக்குமாம். மண்ணுக்குள் ஈரம் வேண்டும், என் மேல்தான் கூடாது.

கிளம்பும்போது, கம்பி போட்டாலும் ஈரத்தோடு அடுப்பைத் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் திக்கென்றது. மடியை விடுவதா, அடுப்பை விடுவதா? அம்பாளிடமே கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பட்டு ஞாபகம் வந்தது. பட்டைத் துவைத்து உலர்த்த வேண்டாம்; அப்படியே மடி.

அந்த வெள்ளிக்கிழமை தரையைத் துடைத்துக் காயவிட்டு, பெட்டியிலிருந்த கல்யாணக் கூரைப்புடவையைக் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். சர்க்கரைப் பொங்கல் வெந்ததும், அணைத்துவிட்டுத்தான் பானையில் கை வைத்தேன். சூடு மட்டும்தான். இறக்கும்போது கூரைப்புடவை முழுக்க நெய் தெறித்தது. தெறிக்கட்டும் என்று அப்படியே கொண்டுபோய் நைவேத்தியம் பண்ணினேன்.