மஞ்சள் துணி கட்டிய வேம்பு

தனக்கொடி துணி தேய்க்கும் சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்துவிடும். இஸ்திரிப் பெட்டியை வண்டிப் பலகையில் வைக்கமாட்டாள், போடுவாள். கொஞ்ச காலமாக அவள் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் நெல் வயலை மனைகளாகப் பிரித்தபோது சாலையின் இருபுறமும் மரக்கன்றுகள் நட்டார்கள். நட்டவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆடுகளுக்குத் தப்பியவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவள் தனக்கொடி. வீடுகளின் ஏ.சி.யிலிருந்து சொட்டுவதை வாளியில் பிடித்து வந்து ஊற்றினாள். மரங்கள் மேல் பாசம் என்று சொல்ல முடியாது. நாளெல்லாம் கரி நெருப்பின் முன் நிற்பவளுக்குத் தலைக்கு மேல் நிழல் வேண்டும். அதை அவள் மறைத்ததும் இல்லை.

புங்கனும் பூவரசும் வேம்பும் வளர்ந்து நிழல் கூடியதும் வீட்டுக்காரர்களுக்குக் குறைகள் தோன்றின. கார் மேல் பூ கொட்டுகிறது, கரண்ட் கம்பியில் உரசுகிறது, வீட்டின் முகப்பு தெரியவில்லை. ஒவ்வொன்றாக வெட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் சண்டைக்குப் போனாள். உன் வேலையைப் பார் என்றார்கள். வெட்டியவர்களே துணி மூட்டையோடு வந்து, வெயில் தாங்கவில்லை என்று அவளிடமே புலம்பிவிட்டும் போனார்கள்.

மிச்சம் இருந்தது அவள் வண்டிக்கு மேல் நின்ற வேம்பு மட்டும். அதற்கும் நகர் சங்கத் தலைவர் அரிகரன் அறுக்க ஆள் சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும், காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து அடிமரத்தில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மஞ்சள் துணி ஒன்றைச் சுற்றிக் கட்டினாள். அறுக்க வந்த ஆள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. முதலில் எலுமிச்சை மாலை வந்தது, பிறகு சூலம். ஆடியில் கூழ் ஊற்றினார்கள். பக்தி முற்றி, அரிகரனே முன்னின்று வேரைச் சுற்றிச் சிமெண்ட் மேடை போட்டு டைல்ஸ் ஒட்டினார். அம்மனுக்கு வெயில் படக்கூடாது என்று தகரக் கொட்டகை வேறு. அதற்கு இடம் வேண்டுமென்று தாழ்ந்த கிளைகளைக் கழித்தார்கள். நிழல் தந்து நின்ற மரத்தின் கையை வெட்டி, அதற்கு நிழல் போட்டுக் கொடுத்தார்கள்.

பங்குனியில் துளிர்க்க வேண்டிய வேம்பு மொட்டையாக நின்றது. நுனிக் கிளையை ஒடித்துப் பார்த்தால் உள்ளே பச்சை இல்லை. தண்ணீர் ஊற்ற ஒரு விரல் இடம் இல்லை. மேடையை எடுக்கச் சொல்லி அரிகரனிடம் கெஞ்சினாள். அம்மன் இடத்தில் கை வைக்க முடியாது என்றார். துணியைக் கட்டியது நான்தான் சார் என்று உண்மையைச் சொன்னாள். உன் கையால் அம்மன்தான் கட்டிக்கொண்டாள் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலைப் பூசைக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது, கடப்பாரையைக் கொண்டுவந்து மேடையில் இறக்கினாள். டைல்ஸ் தெறித்தது. கொண்டை அவிழ்ந்து, வேர்த்து, மூச்சிரைக்க அவள் குத்துவதைப் பார்த்த எதிர்வீட்டு மஞ்சுளா சட்டென்று கைகூப்பினாள்.

"ஆத்தா வந்துட்டா."

யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அரிகரன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"தாயே, இன்னா கொற வச்சோம்? சொல்லு, செஞ்சிடுறோம்."

தனக்கொடி கடப்பாரையை ஊன்றி நின்றாள். குரலை மாற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொழுது சாய்வதற்குள் சிமெண்ட் மொத்தமும் போய்விடும். மரம் பிழைக்கும். பிறகு வேறு எதையாவது கட்டுவார்கள். வெள்ளிக் கவசம் வரும், அதை மாட்ட மரத்தில் ஆணி இறங்கும். அதைவிட, அவள் கேட்டபோதெல்லாம் செவிடாக இருந்தவர்களுக்கு, அவள் அவளாக இல்லாதபோது மட்டும் காது கேட்கிறது. அதுதான் பொறுக்கவில்லை.

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. துணி தேய்க்கிற தனக்கொடி சொல்றேன். மரத்துக்குத் தண்ணி எறங்கணும். ஒடைங்க."

கூப்பிய கைகள் இறங்கின. அரிகரனின் துண்டு மறுபடி தோளுக்குப் போனது.

"இன்னா திமிருடி ஒனக்கு? கோயிலயா ஒடைக்கிற?"

கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். உடைந்த இடத்தைப் பூச மறுநாள் கொத்தனார் வருவார், அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று முடிவு சொன்னார்கள்.

மறுநாள் கொத்தனார் அன்புராஜ் கலவைச் சட்டியோடு வந்தபோது, இஸ்திரி வண்டி உடைந்த பள்ளத்தின் மேலேயே நின்றிருந்தது. பள்ளம் நிறையத் தண்ணீர். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. வண்டியைத் தள்ளிவிடச் சொன்னார் அரிகரன்.

"தள்ளுங்க சார்," என்றாள் தனக்கொடி. "பொட்டி கவுந்தா நெருப்பு யாரு கால்ல கொட்டும்னு எனக்குத் தெரியாது. ஒங்க வூட்டுச் சட்டையும் இதுலதான் கெடக்குது."

அன்புராஜ் இருவரையும் பார்த்துவிட்டுச் சட்டியைத் தரையில் இறக்கி வைத்தார். வெயில் ஏறியது. யாரும் வண்டியில் கை வைக்கவில்லை. சட்டியில் கலவை இறுகத் தொடங்கியது.