இறங்கும்போது நின்றுவிடும் கை

ட்ரைக் என்கிற பறக்கும் வண்டியை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேலே ஒரு துணிச் சிறகு, கீழே மூன்று சக்கரம், நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை, முதுகுக்குப் பின்னால் ஒரு விசிறி. கதவும் இல்லை, கூரையும் இல்லை. எங்கள் ஊர் ஷேர் ஆட்டோவில்கூட இதைவிடப் பிடிமானம் அதிகம். இதில் ஏறினால் ஆள் முழுசாகத் திரும்புமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நீதான் வரணும்னு அடம் புடிச்ச. இப்ப இன்னா?" என்றார் அவர்.

பங்காருபேட்டையைத் தாண்டி, ராகி வயல்களுக்கு நடுவே ஒரு தனியார் மண் ஓடுதளம். வாரம் முழுக்க விடியற்காலை ரயிலில், தங்கச் சுரங்கம் இருந்த எங்கள் ஊரான கோரமண்டலிலிருந்து பெங்களூருக்குப் போய், யாரோ ஒரு முதலாளியின் கணக்கைப் பார்த்துவிட்டு, இருட்டியபிறகு வீடு வந்து சேர்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் எனக்கென்று இருக்கட்டுமே என்றுதான் பறக்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். ஆராதனைக்கு ஏன் வருவதில்லை என்று சர்ச்சில் கேட்டார்கள். ஆண்டவருக்குப் பக்கத்திலேயே போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். விஷயம் தெரிந்ததும், "உங்கப்பன் கீழ போனான். நீ மேல போறியா, போ" என்றாள். அதோடு சரி. நான் கிளம்பும் நேரத்தில் முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்துவிடுவாள். போய் வா என்றுகூடச் சொல்ல மாட்டாள். எனக்கு ஆத்திரமாக வரும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பெண் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். நான் அவளை மேடம் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். பெங்களூர்க்காரி. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தைத் தொட்டு இங்கிலீஷில் முடிப்பாள்.

அங்கே மூன்று வகை வண்டிகள் நின்றன. முதலாவது ட்ரைக். அதில் சிறகோடு சேர்ந்த ஒரு குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நம் உடம்பின் எடையைத்தான் மாற்றுகிறோம். கம்பியை முன்னால் தள்ளினால் மூக்கு மேலே போகும், இழுத்தால் கீழே இறங்கும். இரண்டாவது, குழாயும் துணியும் சேர்த்துக் கட்டிய மைக்ரோலைட். வாலும் இறக்கையும் உள்ள நிஜ விமானத்தின் சாயல் அதற்கு உண்டு. முழங்கால்களுக்கு நடுவே ஒரு ஸ்டிக், காலுக்குப் பெடல். இதில் ஸ்டிக்கை இழுத்தால்தான் மூக்கு மேலே போகும். ட்ரைக்கில் பழகிய கைக்கு எல்லாமே தலைகீழ். மூன்றாவது லைட் ஸ்போர்ட் விமானம். மூடிய உடம்பு, டி.வி. மாதிரித் திரை, வேகமும் எடையும் அதிகம். என்னைப் போன்றவர்கள் அதன் கண்ணாடியைத் துடைத்ததோடு சரி.

ட்ரைக்கில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மேடம் பின்னாலேயே இருந்தாள், வண்டியும் மெத்தென்று இறங்கும். மைக்ரோலைட்டுக்கு மாறிய பிறகுதான் சனியன் பிடித்தது. ஏறுவதும் திரும்புவதும் நன்றாகவே வந்தன. இறங்கும்போது சக்கரம் கொஞ்சம் பலமாகத் தரையில் மோதி, 'தொம்' என்ற சத்தத்தோடு விமானம் மறுபடி மேலே எழும்பும். அந்த நொடியில் ஸ்டிக்கை அசையாமல் பிடித்துக்கொண்டு, எஞ்சினுக்கு வேகம் கொடுக்கும் திராட்டிலை முழுசாகத் தள்ளி, இன்னொரு சுற்றுக்குப் போய்விட வேண்டும். தூங்கும்போது கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் 'தொம்' என்றதும் என் கை நின்றுவிடும். ஆள் உயரத்தில் விமானம் வேகம் இழந்து தொங்கும், நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். "பவர் அக்கா, பவர்!" என்று கத்திக்கொண்டு மேடமின் கைதான் என் கைமேல் வந்து விழும்.

"இன்னும் ட்ரைக் ஞாபகத்துலயே இருக்கீங்க. தள்றதா இழுக்கிறதான்னு கை குழம்புது. ஸ்வல்ப பிராக்டீஸ் பண்ணுங்க" என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ரயிலில் குடையைத் தலைகீழாக முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு இழுத்துப் பழகினேன். தினம் கூட வருகிற கூட்டம் விடுமா? வண்டி பங்காருபேட்டையில் குலுங்கி நின்றால், "அக்கா, சேஃபா எறக்கிட்டீங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்கினார்கள்.

அடுத்த ஞாயிறு விமானம் எழும்பி இரண்டாம் முறை விழுந்த வேகத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவை வளைந்துவிட்டது. மேடம் இறங்கி, குனிந்து, வெகுநேரம் அதையே பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா, வர்ற சண்டேதான் கடைசி. அன்னைக்கும் இப்படின்னா சோலோ கிடையாது. நான் பக்கத்துல இல்லாம நீங்க இப்படிக் கல்லாட்டம் உட்கார்ந்தா உயிர் போயிடும். அதுக்கப்புறம் நான் எப்படித் தூங்கறது?"

ஸ்கூட்டரில் வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் கோரமண்டல் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். தனியாக ஒரே ஒரு சுற்று, அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்குக்கூட லாயக்கில்லாத கையா இது என்று என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா டம்ளரோடு கதவருகே இருந்தாள். நிலத்துக்கு அடியில் 'தொம்' என்றது. அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்து அடங்கின. மூடிய சுரங்கங்களில் தண்ணீர் ஏறுவதாலோ என்னவோ, எங்கள் ஊரில் இன்னமும் எப்போதாவது இப்படி ஆகும்.

அம்மாவின் கை தோள் உயரத்துக்கு எழுந்து அப்படியே நின்றது. வீட்டுக்காரருக்கு ஒரு கை சட்டைக்குள், ஒரு கை வெளியே. யாரும் மூச்சுவிடவில்லை. தோசை கருகும் வாசம் வந்தது. கையில் தோசைக்கரண்டி இருந்தும் நான் திருப்பவில்லை. சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஒரே வரிசையில் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் கோடியிலிருந்து ஒரு குரல், "ஒண்ணுமில்ல!" அடுத்த வீட்டில், "ஒண்ணுமில்ல!" அது வீடு வீடாக எங்கள் வாசலுக்கு வந்தது. அம்மாவும் "ஒண்ணுமில்ல" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கையைக் கீழே இறக்கினாள். நான் கருகிய தோசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு என் கையைப் பார்த்தேன்.

சுரங்கம் ஓடிய காலத்தில் கீழே ஏதோ ஒரு லெவலில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் அதிரும். அப்போது அசையக் கூடாது, பேசக் கூடாது, விபத்துச் சைரன் ஊதுகிறதா என்று காது கொடுக்க வேண்டும். ஊதவில்லை என்றால், சுரங்கத்துக்குள் ஆட்கள் இறங்கும் ஷாஃப்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து அந்தச் சொல் கைமாறி வரும். வந்த பிறகுதான் அடுப்பு, குழந்தை, சண்டை எல்லாம். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடமாகிறது. ஊதுவதற்குச் சைரனும் இல்லை. நாங்கள்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஒரு தடவை அந்தச் சொல் வரவில்லை. நான் நாலாம் வகுப்பு. அம்மா எனக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். 'தொம்' என்றதும் அவள் விரல்கள் என் முடிக்குள்ளேயே நின்றன. சைரன் ஊதியது. நான் அசையவே இல்லை. அசைந்தால் அம்மா கையை எடுத்துவிடுவாள், எடுத்துவிட்டால் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று நினைத்தேன். சுரங்கத்துக்குள் வேலைக்குப் போன அப்பா அன்றைக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

ஞாயிறு காலை இதையெல்லாம் மேடமிடம் சொன்னேன். ட்ரைக்கும் இல்லை, குடையும் இல்லை, இதுதான் கோளாறு என்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த வார்த்தையை மொதல்ல யார் சொல்வாங்க?"

"லைன் கோடியில இருக்கிறவங்க."

"மேல பறக்கும்போது கோடியில யாரும் இல்லியே அக்கா. நீங்களேதான் சொல்லிக்கணும்."

அன்று மேடம் வேண்டுமென்றே விமானத்தைத் தரையில் மோதவிட்டு எழும்பவைத்தாள். நான் "ஒண்ணுமில்ல" என்று வாய்விட்டுச் சொல்லி திராட்டிலைத் தள்ள வேண்டும். முதலில் சொல் வந்தது, கை வரவில்லை. பிறகு கை தாமதமாக வந்தது. வெயில் ஏறும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து வந்தன. ஓடுதள ஓரத்தில் நிறுத்தச் சொல்லி மேடம் இறங்கினாள். காலியான இருக்கையின் பெல்ட்டை இறுக்கிக் கட்டினாள்.

"போங்க. ஒரே ரவுண்டு."

வேலிக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் தெரிந்தார். கையாட்டலாம் என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை.

மேடமின் எடை இல்லாததால் விமானம் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் எழும்பியது. தூரத்தில், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகள் வெளுத்துக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பழைய ஷாஃப்டின் இரும்புக் கோபுரம். அதைப் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு கடைசித் திருப்பத்தைத் திரும்பினேன். ஓடுதளம் நேராக வந்தது. எஞ்சினைக் குறைத்தேன். தரைக்கு வெகு அருகில், தைல மரங்களின் பக்கமிருந்து ஒரு காற்று அடித்துச் சிறகைத் தூக்கிப் போட்டது.

'தொம்.'

இதுவரை எழும்பாத உயரத்துக்கு எழும்பியது. எஞ்சின் சத்தம் அடங்கியிருந்தது. என் கை நின்றுவிட்டது. என் காது சைரனைத் தேடியது. சத்தியமாகத் தேடியது. மூக்கு மெல்லத் தொய்ந்து, கண்ணாடி முழுக்கச் செம்மண் வந்தது. யாராவது சொல்லுங்களேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ஒண்ணுமில்ல!"

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. குரல் மட்டும் அம்மாவுடையது. கை போய் திராட்டிலைத் தள்ளியது. எஞ்சின் அலறியது. சக்கரம் மண்ணை உரசியதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தைல மரங்கள் கீழே போயின. நான் அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே அடுத்த சுற்றையும் சுற்றினேன். இரண்டாவது தடவை இறங்கியது ஒன்றும் அழகாக இல்லை. ஆனால் இறங்கிய சக்கரம் தரையிலேயே இருந்தது.

மேடம் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். ஒரு கை தோள் உயரத்தில், வாய் மூடியபடி. அவரும் எங்கள் லைனில் பிறந்தவர்தானே. நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு அங்கிருந்தே கத்தினேன்.

"ஒண்ணுமில்லங்க!"

கை இறங்கியது. அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன்ன கட்டிக்கினு நான் படற பாடு" என்று ஆரம்பித்து அவர் திட்டிய திட்டு எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. திட்டி முடித்துவிட்டு வீட்டுக்கு ஃபோன் போட்டு என் கையில் கொடுத்தார். ஒரே மணியில் எடுத்துவிட்டாள் அம்மா. ஆனால் ஹலோ சொல்லவில்லை. முறம் சத்தமும் இல்லை.

"அம்மா, ஒண்ணுமில்ல" என்றேன்.

ஃபோனை வைக்காமலே அம்மா நடந்து போகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "ஒண்ணுமில்லயாம்!" என்று உரக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டில் ஒரு குரல் அதைச் சொன்னது. அதற்கடுத்த வீட்டில் இன்னொரு குரல். லைன் கோடிவரைக்கும் அது போவதை, ஃபோனைக் காதில் வைத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.