கடமான் டாக்டர் வேலுச்சாமி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்நடை மருத்துவர் வேலுச்சாமியின் மனைவி மல்லிகா கோத்தகிரியிலிருந்து அழைத்தார். "ஏனுங்க டீச்சர், அவரு போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு. மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு எறங்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க."

இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, பந்தலூரில் தேயிலை பறித்த பெற்றோரின் மகன் அவர். படித்து முடித்து இந்த மலையிலேயே வேலை பார்த்தார். ஊட்டியில் நான் விலங்கியல் நடத்தும் கல்லூரிக்கு அவரை ஒருமுறை பேச அழைத்தேன். "சாம்பார் மான் பற்றிப் பேசுவார்" என்று நான் சொன்னதும் மாணவிகள் சிரித்துவிட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

"அது வடக்கத்திப் பேரும்மா, கொழம்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நமக்கு அது கடமான். தெக்க மிளா. கேரளாவுல ம்லாவு, கன்னடத்துல கடவெ. கூடவே வாழ்ந்தவங்கதான் இத்தனை பேரு வச்சிருப்பாங்க."

பிறகு எங்களைச் சோலையோரக் குட்டைக்கு அழைத்துப் போனார். மட்டக்குதிரை உயரத்தில் ஓர் ஆண் கடமான் நீரில் நின்றது. கழுத்தடியில் ரோமம் உதிர்ந்து, ரத்தம் கசியும் புண். யாரோ சுட்டுவிட்டார்கள் என்று ஒரு மாணவி அழத் தொடங்கினாள்.

"குண்டு பட்டதில்லம்மா. இந்த இனத்துக்கே அப்படி வரும். ஏன்னு இன்னும் சரியாத் தெரியல" என்றார். தெரியாது என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி.

போன மழைக்காலத்தில், குப்பைமேட்டை ஒட்டிய தேயிலைச் சரிவில் ஒரு பெண் கடமான் செத்துக் கிடந்தது. என்னையும் வரச் சொன்னார். வயிற்றை அறுத்தபோது பிளாஸ்டிக் பைகள் கயிறுபோல முறுக்கிக்கொண்டு வந்தன. கருப்பையில் ரோமம் முளைத்த குட்டி. கையுறையைக்கூடக் கழற்றாமல் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வயிறு நெறஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே பட்டினியில செத்திருக்கு, டீச்சர்."

குப்பைமேட்டை மாற்றச் சொல்லி அவர் ஏறாத அலுவலகப் படியில்லை. வேலியாவது போடுங்கள் என்று கெஞ்சினார், அதுவும் நடக்கவில்லை. அதன்பின் கல்லூரிக்கு அழைத்தாலும் வரமாட்டார். "பேரு தெரிஞ்சா காப்பாத்துவாங்கன்னு நெனச்சேன். இப்ப பேரச் சொல்லிப் போட்டோ எடுக்கறாங்க, அவ்வளவுதான்" என்றார்.

பந்தலூரில் அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகையில், அந்தக் குப்பைமேட்டருகே வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒரு தாய்க் கடமானும் குட்டியும் பையொன்றைக் கிழித்துக்கொண்டிருந்தன. கை தட்டினேன். கத்தினேன். மனிதரைக் கண்டால் காட்டுக்குள் பாய வேண்டிய விலங்கு, நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து தின்றது. குட்டியும் குனிந்தது.

போய் வாருங்கள், டாக்டர். உங்களிடம் சொல்லியனுப்ப என்னிடம் ஒரு நல்ல செய்தியும் இல்லை.